படிக்கட்டு சரியாகத்தான் இருக்கிறது

பேய், செய்வினை என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். வீட்டில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தால் கூட, வழுக்கி விழாமல் யார் பெருக்குவது என்றுதான் எனக்குக் கவலை வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன், மூன்று பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், அப்போ உனக்கு உடம்பு சரியில்லையா என்று. நன்றாகத்தான் இருந்தது. ஒரு தலைவலி கூட இல்லை. நடந்ததும் பட்டப்பகலில், மத்தியானம் மூன்று மணிக்கு, கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை புரூஃபோடு நான் நின்றிருந்தபோது.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் டி.டி.பி. கடையில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் வரும். ஓனர் சண்முகம் சார், நான், ஸ்டெல்லா, மூன்றே பேர். நான் டைப் அடித்துப் பிழை திருத்துவேன். ஸ்டெல்லா என்னைவிட நான்கு வயது சின்னவள், டிசைன் அவள் வேலை. நன்றாக வரைவாள். வீணாய்ப் போன லேசர் தாளின் பின்பக்கம் முழுவதும் அவள் பென்சில் ஓடிக்கொண்டே இருக்கும், ஓனர் தூங்குவது, டீக்கடைக்காரர், நான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திட்டுவது எல்லாம்.

அந்தக் காலத்தில் எல்லோரும் வலைப்பூ எழுதினார்கள், நானும் ஒன்று வைத்திருந்தேன், புனைபெயரில். காமிக்ஸ் விமர்சனம். மொத்தம் நாற்பது பேர் படிப்பார்கள், அதில் பத்துப் பேர் என்னோடு சண்டை போடுவதற்கென்றே வருவார்கள். சாப்பாட்டு நேரத்தில் கடையின் நெட்டில் உட்கார்ந்து எழுதுவேன். எனக்குக் கோடு போட வராது, ஆனால் மற்றவர்கள் போட்ட கோட்டில் எங்கே தப்பு என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அப்போதுதான் ஒரு வாசகர் 'உள்வீடு' என்கிற தளத்தின் சுட்டியை அனுப்பினார். தமிழில் இணையத்திலேயே வெளிவரும் திகில் காமிக்ஸ். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பகுதி, கறுப்பு வெள்ளை, வரைந்தவர் பெயர் கிடையாது. கதை என்று பார்த்தால் ஒரு வீடு, அவ்வளவுதான். அந்த வீட்டில் ஒரு அம்மா சுவருக்குத் தலை வாரிவிடுவாள், சுவரிலிருந்து முடி வளர்ந்து தரையெல்லாம் கிடக்கும். அப்பாவுடைய நிழல் தனித் தட்டு போட்டுச் சாப்பிடும். கொடியில் துணிக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீரை மடித்துக் காயப்போட்டிருப்பார்கள், அதற்குள் மீன் நீந்தும். ஒவ்வொரு பகுதியிலும் வெளியிலிருந்து ஒரு பெண் வருவாள், கூடத்தில் நிற்பாள், உள்பக்கம் இருக்கிற ஒரு கதவைத் திறப்பாள். அதோடு பகுதி முடிந்துவிடும். அடுத்த வாரம் வேறு ஒரு பெண். போனவள் எங்கே போனாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒன்பது பகுதிகளையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு நீளமாக ஒரு விமர்சனம் எழுதினேன். பாராட்டாமல் இல்லை. கறுப்பை இத்தனை தைரியமாக அப்பியிருக்கிறாரே, பாதிப் பக்கம் இருட்டிலேயே விட்டு ஒரு கை மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறாரே, வசனமே இல்லாத கட்டங்களில்தான் இவர் பலமே இருக்கிறது என்றெல்லாம் எழுதினேன். பிறகு ஆரம்பித்தேன். இவருக்கு அளவு தெரியவில்லை, சுவர்க் கடிகாரத்தை முழங்கால் உயரத்தில் மாட்டியிருக்கிறார். படிக்கட்டு பதினோரு படி ஏறி நேராகப் போய்ச் சுவரில் முட்டுகிறது, அமானுஷ்யம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, கோணம் போடத் தெரியாதவர் கடைசியில் சுவரை வைத்து மூடிவிட்டார். ஒரே ஜன்னல் இருக்கிற கூடத்தில் எல்லோருக்கும் இரண்டிரண்டு நிழல் விழுகிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதையே இவர் முடிவு செய்யவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை கதையில். அந்தப் பெண்கள் ஏன் அந்தக் கதவைத் திறக்கிறார்கள்? யாருக்கும் ஒரு காரணமும் இல்லை. காரணம் இல்லாமல் கதவு திறந்தால் படிக்கிறவனுக்குப் பயம் வராது, கொட்டாவிதான் வரும்.

மறுநாள் கீழே ஒரு பின்னூட்டம், பெயரில்லாமல்.

"படிக்கட்டு சரியாகத்தான் இருக்கிறது. காரணம் சொல்ல முயற்ச்சி செய்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது, பதிலால் இல்லை, 'முயற்ச்சி'யால். நடுவில் அந்த 'ச்' வரக்கூடாது. அந்தப் பிழையை வாரத்துக்கு நான்கு தடவை நான் திருத்திக்கொண்டிருந்தேன், ஸ்டெல்லாவின் தாளில். அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் ஸ்டெல்லாதான். அந்தக் காமிக்ஸில் வரும் பெண்களின் கூந்தலைப் பார்த்தால் அவள் வரைகிற கூந்தல். வெள்ளிக்கிழமையானால் அவள் கண் சிவந்திருந்ததே. நான் சாப்பாட்டு நேரத்தில் என்ன தட்டச்சு செய்கிறேன் என்று முதுகுக்குப் பின்னாலிருந்து பார்ப்பாளே. என் வலைப்பூவைக் கண்டுபிடித்து என்னை வைத்து விளையாடுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஓனர் வெளியே போயிருந்த நேரம் கேட்டுவிட்டேன்.

"ஸ்டெல்லா, உள்வீடு நீதானே வரையற?"

"உள்வீடா? அப்படின்னா என்னக்கா?"

"நடிக்காத. இங்க பாரு, முயற்ச்சி. இப்படி எழுதறது யாரு?"

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். மேலே போய், கீழே வந்து, படங்களையும் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது ஆச்சரியம், அதை நான் நடிப்பென்று எடுத்துக்கொண்டேன்.

"அக்கா, ஊர்ல பாதிப் பேர் இப்படித்தான் எழுதறாங்க. நான் வரைஞ்சிருந்தா கீழ பெருசா என் பேரப் போட்டிருப்பேன். நான் எதுக்கு ஒளிஞ்சுகிட்டு வரையணும்?"

"எனக்குப் பதில் சொல்றதுக்கு."

கையிலிருந்த பென்சிலை மேசையில் வைத்தாள். "மூணு வருஷமா உங்க பக்கத்துல உக்காந்து வரையறேன். ஒரு தடவகூட நல்லாருக்குன்னு நீங்க சொன்னதில்ல. அது தெரியுமா உங்களுக்கு?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப்பின் வேலை விஷயம் தவிர அவள் என்னிடம் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அதே வாரம்தான் நான் சொல்ல வந்தது நடந்தது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் தணிகாசலம் என்று ஒரு வாடிக்கையாளர். அந்த ஊரின் பழைய குடும்பம், முன்பு விவசாயம், இப்போது மனை, வாடகை என்று இருக்கிறவர்கள். அவர் பெண்ணுக்குக் கல்யாணம். காலில் அடிபட்டு அவரால் கடைக்கு வர முடியவில்லை, புரூஃபை வீட்டுக்கே எடுத்துவந்து காட்டச் சொன்னார். வியாழக்கிழமை ஓனர் என்னிடம் சொன்னார், நாளைக்கு நீ போய்ட்டு வந்துடும்மா என்று. ஸ்டெல்லாவும் அப்போது அங்கேதான் இருந்தாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சுரங்கப்பாதையைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் போய், வேளச்சேரி ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து இறங்கினேன். சந்திப்பிலிருந்து உள்ளே நான்காவது தெரு. பழைய ஓட்டு வீடு மாதிரி முகப்பு, பின்னால் தளம் போட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் கால் வைத்தேன். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள், என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். இடது பக்கம் படிக்கட்டு. எண்ணினேன். பதினோரு படி, பிறகு சுவர்.

தரையில் எனக்கு இரண்டு நிழல்.

எனக்கு அந்த நேரத்தில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. யாரோ இந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்த்து வரைந்திருக்கிறார்கள், இப்போது என்னையும் இங்கே வரவழைத்திருக்கிறார்கள். தணிகாசலம் சாய்வு நாற்காலியில் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா, குந்து. மோர் சாப்புடறியா?"

"இல்ல சார். சார், இந்தப் படிக்கட்டு ஏன் இப்படி இருக்கு?"

அவர் சிரித்தார். "வர்றவங்க எல்லாம் இதத்தான் கேக்கறாங்க. எங்கப்பா கட்ன வூடும்மா. அண்ணனுக்கும் எனக்கும் பாகம் பிரிக்கச்சொல்லோ மாடியும் அந்தப் பக்கமும் அவன் பங்குக்குப் போயிடிச்சி. நடுவுல செவுரு எழுப்பிட்டோம், படிக்கட்டு என் பக்கமே நின்னுகினு கீது. இடிக்க மனசு வரல."

"கடிகாரம்?"

"அதுவா, எங்கம்மா ரெண்டு வருசம் தரையில படுத்த படுக்கையா கெடந்துச்சி. அதுக்கு டைம் பாத்துகினே இருக்கணும். அதான் கீழ மாட்னோம். இன்னாத்துக்கு எடுக்கணும்னு உட்டுட்டேன்."

இரண்டு நிழலுக்கும் பதில் இருந்தது. எதிர் வீட்டில் புதிதாகத் தகரக் கூரை போட்டிருந்தார்கள், மூன்று மணி வெயில் அதில் பட்டு ஜன்னல் வழியாகத் திரும்பி உள்ளே அடித்தது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, எல்லாமே சாதாரணக் காரணம். நான் பிழை என்று எழுதிய ஒவ்வொன்றும் பிழை இல்லை, இருப்பதை இருப்பது போலவே வரைந்திருக்கிறார்கள். படிக்கட்டு சரியாகத்தான் இருந்தது.

"சார், உங்க வீட்ல யாராவது படம் வரைவாங்களா? ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு இங்க வந்திருக்காளா?"

"படமா? எங்க வூட்ல கையெழுத்துப் போடவே ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஸ்டெல்லா யாரு?" அவர் முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவரையும் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், மறைக்கவில்லை. "இரு, கண்ணாடி சமையல்கட்டுல வெச்சிட்டேன், எடுத்துகினு வரேன்" என்று சுவரைப் பிடித்தபடி மெல்ல நொண்டிக்கொண்டு பின்பக்கம் போனார்.

கூடத்தில் நான் மட்டும். அப்போதுதான் எதிர்ச் சுவரில் இருந்த கதவைச் சரியாகப் பார்த்தேன். பழைய ஒற்றைக் கதவு, இரும்புத் தாழ்ப்பாள் என் பக்கம். ஒன்பது பகுதியிலும் படத்தில் பார்த்த கதவு.

"அக்கா" என்று அதற்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. இளம் பெண், கல்யாணப் பெண்ணாக இருக்கும் என்று நினைத்தேன். இனிமையான, கொஞ்சம் வெட்கப்படுகிற குரல். "என் பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்குக்கா. உள்ள வாங்க, காட்டறேன்."

எனக்கு ஒரு எழுத்து தப்பு என்று சொன்னால் போதும், வேறு எதுவும் சொல்ல வேண்டாம். எழுந்துவிட்டேன். நடந்து போய்த் தாழ்ப்பாளில் கையே வைத்துவிட்டேன். இரும்பு சில்லென்று இருந்தது, வெயில் நேரத்தில் அது எனக்கு உறைத்தது, அந்த ஒரு நொடியில்தான் மண்டைக்குள் ஏதோ நின்றது. புரூஃப் என் கையில் இருக்கிறது. கடையிலிருந்து இப்போதுதான் கொண்டுவந்திருக்கிறேன், இந்த வீட்டில் இன்னும் ஒருவரிடமும் காட்டவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கிறவளுக்கு இதில் பிழை இருப்பது எப்படித் தெரியும்?

கையை எடுக்கவில்லை, திறக்கவும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். உள்ளே ஒரு சத்தம், பேச்சு இல்லை. சர், சர், சர் என்று ரப்பரால் தாளில் அழிக்கிற சத்தம். பிறகு ஒருவர் 'ஃபூ' என்று ஊதுகிற சத்தம். மூன்று வருடம் ஓவியம் போடுகிற பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான், அதை வேறு எதுவென்றும் என்னால் நினைக்க முடியாது. கீழே பார்த்தேன். கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியிலிருந்து ரப்பர்த் தூள், கறுப்புக் கறுப்பாகச் சுருண்டு, என் கால் விரல்கள் மேல் வந்து விழுந்தது.

பின்பக்கமாகவே நடந்து நாற்காலிக்கு வந்துவிட்டேன், கதவுக்கு முதுகைக் காட்டவில்லை. தணிகாசலம் கண்ணாடியோடு வந்தார்.

"சார், அந்தப் பக்கம் யாரு இருக்காங்க?"

"அதுவா, அண்ணன் பங்கு. அவன் புள்ளைங்களோட பெங்களூருக்குப் பூட்டான், ஆச்சு ஏழெட்டு வருசம். வெறும் வூடும்மா, அவன் வாசல்ல பூட்டு தொங்குது பாக்கலியா?"

"உங்க பொண்ணு?"

"அவ ரவிக்க தைக்கக் குடுக்க தாம்பரம் போயிகிறா அவங்கம்மாவோட."

அவர் புரூஃபைப் படித்துவிட்டு எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்துதான் நான் திரும்பப் பார்த்தேன். மணமகள் கோமளவல்லி. நான் 'கோமலவல்லி' என்று அடித்திருந்தேன். ஐந்து தடவை பார்த்த புரூஃப் அது.

கடைக்கு வந்ததும் அதைத் திருத்திவிட்டுத் தளத்தைத் திறந்தேன். பத்தாம் பகுதி வந்திருந்தது. நான் பெரிய குறை என்று எழுதியது இதில் இல்லை, கதவுப் பக்கம் போக ஒரு காரணம் வைத்திருந்தார்கள், அத்தனை சுத்தமான வேலை. கையில் தாளோடு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய ஒரு பெண் கூடத்துக்கு வருகிறாள். கதவுக்குப் பின்னாலிருந்து பலூனில் வசனம், தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து முதல் வசனம்: "ஒரு எழுத்து தப்பா இருக்குக்கா." கடைசிக் கட்டத்தில் தாழ்ப்பாள் மேல் ஒரு கை. கதவு திறக்கவில்லை. வெளியான நேரம் அன்று காலை பத்து மணி என்று போட்டிருந்தது, நான் கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்னால்.

நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்களோ அதைத்தான் நானும் நினைத்தேன். நான் போகப்போவது வியாழக்கிழமையே ஸ்டெல்லாவுக்குத் தெரியும். புரூஃபும் அவள் மேசை வழியாகத்தான் போனது, பிழையைப் பார்த்திருப்பாள். அந்த வீட்டுக்காரர்களை அவளுக்குத் தெரிந்திருக்கலாம். அந்தக் குரலுக்கு ஆள் வைத்திருக்கலாம். எப்படியாவது அவள்தான் என்று ஆகிவிட்டால் எனக்கு நிம்மதி, அதனால் அப்படியே பிடித்துக்கொண்டேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்கைந்து நாளில் பத்திரிகை அச்சாகி வந்தது. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஓனர் என்னைப் பார்த்தார், எனக்கு வயிறு சரியில்லை என்றேன். "அப்ப நீ போய்ட்டு வாயேன் ஸ்டெல்லா" என்றார். அவள் கட்டுகளை இரண்டு பைகளில் எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரி. சொல்லியிருக்கலாம். அந்தக் கதவுகிட்ட போகாதே என்று நாலு வார்த்தை. நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அது ஒரு சோதனை மாதிரிகூட எனக்கு இருந்தது. அவள்தான் வரைகிறவள் என்றால் அவளுக்கு அங்கே என்ன ஆகிவிடப்போகிறது?

ஐந்தரைக்குத் திரும்பி வந்தாள். "குடுத்துட்டேன் சார்" என்றாள். உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தளத்தில் ஒரே ஒரு கட்டம்தான் வந்தது. கதவு விரியத் திறந்திருக்கிறது, உள்ளே ஒரு மேசை, பின்னால் தள்ளிய ஒரு நாற்காலி, ஆள் இல்லை. அதற்கப்புறம் எதுவும் வரவில்லை, இரண்டு மாதத்தில் தளமே திறக்காமல் போய்விட்டது. எங்கள் கடையிலும் வீணாய்ப் போன தாள்கள் பின்பக்கம் ஒரு பென்சில் கோடு இல்லாமல் வெள்ளையாகவே குப்பைக்குப் போக ஆரம்பித்ததை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். பிறகு ஸ்டெல்லாவுக்குக் கல்யாணமாகி அரக்கோணம் பக்கம் போய்விட்டாள். நான் விமர்சனம் எழுதுவதையும் விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் முன்னால் இருக்கும். தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் எதிரே வந்தாள். அவள்தான் முதலில் "ஹேமாக்கா!" என்று கத்தினாள், கோபமெல்லாம் இல்லை, கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓரமாக ஒதுங்கி நின்று பேசினோம், வீட்டுக்காரர், மாமியார், தண்ணீர்க் கஷ்டம் எல்லாம். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கத் தைரியம் இல்லாமல், சுற்றி வளைத்து, "இப்பவும் வரையறியா?" என்றேன். "அன்னிக்கே சொல்லியிருக்கணும் ஸ்டெல்லா, நீ ரொம்ப நல்லா வரைவ."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கிண்டல் இல்லை, ஆளை மாற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிக்கிற சிரிப்பு.

"வரையறதா? நானா? கோலம் போட்டாலே கோணிக்கும்க்கா எனக்கு. வேற யாரையோ சொல்றீங்க."

"நம்ம கடையில... ஓனர் தூங்கறத..."

"நான் டைப்பிங்தானே பண்ணேன்" என்றாள், சாதாரணமாக. அவள் கண்ணையே பார்த்தேன். பொய் சொல்கிறவளின் கண் இல்லை அது, எனக்குப் பிழை பிடிக்கத் தெரியும், அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. கீழே வண்டி வருகிற அறிவிப்பு கேட்டதும் "வரேன்க்கா" என்று என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து விட்டுவிட்டுப் படியில் ஓடினாள்.

பிடித்தபோதே எனக்கு உறுத்தியது. அவள் நடுவிரலில், நகத்துக்குப் பக்கத்தில், கல் மாதிரி ஒரு காய்ப்பு. பென்சிலை நாள் முழுக்க அழுத்திப் பிடிக்கிறவர்களுக்கு வருகிற காய்ப்பு. குனிந்து என் மணிக்கட்டைப் பார்த்தேன். அவள் விரல்கள் பட்ட இடத்தில் நான்கு கோடு, பளபளவென்று சாம்பல் நிறத்தில், பென்சில் கரி.